இறக்க நாளுக்கு வேண்டியதை ஏற்ற நாளில் தேடுங்கள்



வீடு சந்திப்புக்குப் போகிற சாமியார், எந்தப் பங்கில் இருந்தாலும், அடிக்கடி கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு. "நல்லாத்தான் இருந்தோம் சாமி, திடீர்னு இப்படி ஆயிப்போச்சு" என்பதே அது. கடற்கரைப் பங்கில் நான் இருந்த காலத்தில், தொழில் படுத்துப்போன வீடுகளில் இதைக் கேட்டேன். மலையடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டும் ஜனங்களிடையே இருந்தபோது, கால் புண்ணோடு கட்டிலில் கிடந்த ஒரு தாயாரிடம் கேட்டேன். வயல் சூழ்ந்த இந்தப் பக்கத்துக்கு வந்த பிறகு, பாகப் பிரிவினைக்குப் பின் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பிகளிடமும் கேட்கிறேன்.

அந்த வார்த்தையில் பாதிதான் உண்மை. இறக்கம் எந்த நாளில் வரும் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அலை ஏறினால் இறங்கும் என்பதைக் கடற்கரையில் பிறந்த சிறு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், அலை ஏறி நிற்கும்போது இனி இறங்காது என்பதுபோல் நடந்துகொள்கிறோம். இறங்கியபோது, சர்வேசுரன் நம்மை மறந்துவிட்டார் என்று சொல்கிறோம்.

ஆகையால் இந்த வாரம் ஒரே ஒரு காரியத்தை உங்கள் மனதில் பதிக்க விரும்புகிறேன். இறக்க நாளில் மனிதனுக்கு மூன்று தேவைப்படுகின்றன: கையில் கொஞ்சம் பணம், உடலில் கொஞ்சம் பலம், மனம் திறந்து பேச ஒரு ஆள். இம்மூன்றையும் இறக்க நாளில் தேடினால் கிடைப்பது அரிது. ஏற்ற நாளிலேயே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். தொழில், உடல்நலம், வீடு என்ற முறையில் இதை மூன்று பாடமாகப் பார்ப்போம். அதன்பின், எந்த ஆயத்தத்துக்கும் அடங்காத இறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாம் பாடம்: தொழில்

நம் மாவட்டத்தில் தொழிலின் இறக்கம் பெரும்பாலும் காலண்டரிலேயே அச்சடித்து வருகிறது. மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. கிழக்குக் கடல் கணக்கில் சேர்ந்த சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மீன் பெருகுவதற்காக வைத்த தடை அது, நல்ல தடைதான். ஆனால் அந்த இரண்டு மாதமும் பிள்ளைகளுக்குப் பசிக்காமல் இருப்பதில்லை. அதிலும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம்.

ரப்பர் தோட்டத்திலும் இப்படியே. மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுச் சாலில் ஓடாமல் மரத்தில் பரவி வீணாகும்; அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. தை, மாசியில் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது பால் குறைகிறது; பலர் மரத்துக்கு ஓய்வு விட்டுவிடுவார்கள். வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ. நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் கூலி வேலை மெலிந்துபோகும். வருஷா வருஷம் வருகிற ஜூன் மாதத்தை, வருஷா வருஷம் பெய்கிற மழையை, 'திடீரென்று வந்தது' என்று சொல்லலாமா?

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதில் பெரிய வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பேச்சிப்பாறை அணையைத்தான் சொல்கிறேன். திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1897 முதல் 1906 வரை பாடுபட்டு அந்த அணையைக் கட்டினார்கள். வேலையை நடத்தியவர் மிஞ்சின் என்ற ஐரோப்பிய எஞ்சினியர். அவருடைய கல்லறையும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன்பும் மலையில் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கோதையாற்றில் வெள்ளம் வந்தது. வந்த வேகத்தில் கடலுக்குப் போனது. பிறகு வெயில் காய்ந்தபோது வயலும் காய்ந்தது. அணை கட்டியவர்கள் வானத்திலிருந்து ஒரு துளி மழையையும் அதிகமாகக் கொண்டுவரவில்லை. பெய்த மழையை நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவே. அதனால்தான் மழையில்லாத மாதத்திலும் கால்வாயில் தண்ணீர் வருகிறது. இன்றைக்கும் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்று பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தானே நம் விவசாயிகள் கருப்பட்டிக் காப்பியைக் கையில் எடுக்கிறார்கள்! நிறைந்தால் 48 அடி என்பது பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் நம் வீட்டு நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டால் மறுமொழி சொல்ல முடிகிறதா?

எகிப்து தேசத்தில் சூசை செய்ததும் இதுவே. ஏழு செழித்த வருஷத்தின் தானியத்தைக் களஞ்சியத்தில் சேர்த்து, ஏழு பஞ்ச வருஷத்தில் ஜனங்களைக் காப்பாற்றினார். பஞ்சம் வராமல் தடுக்க அவரால் முடியவில்லை. வந்தபோது ஜனங்கள் சாகாமல் இருக்க வழி செய்தார்.

"மிச்சம் வந்தால்தானே சாமி சேர்ப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் மிச்சத்தைச் சேர்க்க நினைத்தவர்கள் சேர்த்ததை நான் கண்டதில்லை. மிச்சம் என்பது யாருக்கும் வருவதில்லை. முதலில் எடுத்து வைக்க வேண்டும். பிறகு மிஞ்சியதில் செலவு செய்ய வேண்டும். மடி நிறைந்து வந்த நாளில், பணம் கைக்கு வந்தவுடன், வீட்டுக்குள் நுழையும் முன்பே பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். பத்தில் ஒன்று முடியாது என்றால் இருபதில் ஒன்று. நல்ல நாளில் மீனவர் கொஞ்சம் கட்டினால், அரசாங்கமும் அதோடு தன் பங்கைச் சேர்த்து, தொழில் இல்லாத மாதங்களில் திருப்பித் தருகிற சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது; அதில் சேராதவர்கள் மீன்துறை அலுவலகத்தில் விசாரித்துச் சேருங்கள். மற்றவர்களுக்குத் தபால் ஆபீஸ் உண்டு, பாங்கி உண்டு, நம் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் உண்டு. யார் என்று தெரியாதவர் பெரிய லாபம் தருவதாகச் சொல்லி நடத்துகிற சீட்டுப் பக்கம் மட்டும் போகாதேயுங்கள்.

கந்துவட்டி என்பது வீட்டைக் கரையானைப்போல் தின்னுகிற வியாதி. அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருந்தும் ஜனங்கள் ஏன் போய் மாட்டிக்கொள்கிறார்கள்? ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவனுக்கு வட்டியைப் பேரம் பேச நேரமில்லை. வட்டிக்காரனுக்கு நம் இறக்க நாள்தான் அறுப்புக் காலம். ஏற்ற நாளில் ஒதுக்கிய ஐயாயிரம் ரூபாய், இறக்க நாளில் ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனிலிருந்து ஒரு வீட்டைக் காப்பாற்றியதை நானே கண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் தப்பாக எண்ண வேண்டாம். சேர்ப்பது வேறு, கஞ்சத்தனம் வேறு. மடை திறக்காத அணையால் யாருக்கு என்ன பிரயோசனம்? நிறைந்த காலத்தில் தண்ணீர் விடாவிட்டால் அணைக்கே ஆபத்து. உங்கள் வீடு நிறைந்திருக்கும் நாளில் பக்கத்து வீடு காய்ந்திருந்தால், கொஞ்சம் மடை திறங்கள். அதுவும் நாளைக்குச் சேர்த்து வைக்கிற ஒரு வகைதான்.

இரண்டாம் பாடம்: உடல்நலம்

இந்தப் பாடத்தை என்னை வைத்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பங்கு மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தது. ஜனங்கள் இரத்தக் கொதிப்புப் பார்க்கத் தயங்கி நின்றார்கள். மேய்ப்பர் முன்னால் போனால் ஆடுகள் பின்னால் வரும் என்று எண்ணி, சிரித்துக்கொண்டே முதலில் என் கையை நீட்டினேன். பார்த்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரண்டாந்தரம் பார்த்தார்கள். "ஃபாதர், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. காலையில் பூசை, மாலையில் கூட்டம், நடுவில் கல்லறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டம் என்று நன்றாகத்தான் இருந்தேன். அன்றைக்கு ஆடுகள் எல்லாம் வரிசையில் வந்தன. மேய்ப்பன் கையில் மருந்துச் சீட்டு இருந்தது.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. இரண்டும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்புக்குள் குடியிருந்து, இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் கால் நரம்பையும் கெடுத்துவிட்டு, பக்கவாதமாகவோ ஆறாத புண்ணாகவோ ஒரு நாள் வெளியே வரும். நாம் அந்த நாளைத்தான் 'திடீரென்று' என்கிறோம். கால் புண்ணோடு கிடந்த தாயார் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அவர்களுக்குச் சர்க்கரை இருப்பது ஐந்து வருஷமாகத் தெரியும். "வலிக்கவே இல்லையே சாமி" என்றார்கள். வலி தெரியாமல் போனதுதான் வியாதியின் வேலை என்பதை யாரும் அவர்களுக்கு விளங்கச் சொல்லவில்லை.

ஆகையால் சுகமாக இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கேட்பதில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில், இந்த இரண்டு வியாதிக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மருந்து வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது, விழுங்க வேண்டும். 'இப்போது சுகமாக இருக்கிறதே' என்று நடுவில் நிறுத்துகிறவர்கள் அநேகர். சுகமாக இருப்பதே அந்த மருந்தினால்தான் என்று நினைவில் வையுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதியுள்ள குடும்பங்கள் அட்டையை இன்றைக்கே வாங்கி வையுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்த பிறகு, ரேஷன் கார்டு எங்கே, வருமானச் சான்று எங்கே என்று மருமகனை வீட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஓட்டுவதைப் பார்க்கிறபோது மனம் வேதனைப்படுகிறது. சுகமான ஒரு சனிக்கிழமை மத்தியானம் அலமாரியைத் திறந்து காகிதங்களை ஒரே பையில் போட்டு வைத்திருந்தால் அந்த ஓட்டம் இல்லை.

உடம்பைப் பற்றிச் சொல்லும்போது மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூக்கம் வராமை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை, சாவதே மேல் என்ற எண்ணம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அதுவும் வியாதிதான். அது பாவமன்று, விசுவாசக் குறைவின் அடையாளமும் அன்று. கால் முறிந்தவரை 'ஜெபம் பண்ணு, நடப்பாய்' என்று சொல்லிக் கட்டுப்போடாமல் விடுவோமா? ஜெபமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும். இராத்திரி நேரத்தில் யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்; தமிழிலேயே பேசுவார்கள். பங்களாவின் கதவையும் தட்டலாம், எந்நேரமானாலும் தட்டலாம்.

மூன்றாம் பாடம்: வீடும் சிநேகமும்

பணமும் உடம்பும் போக, மூன்றாவது தேவை பேச ஒரு ஆள் என்று சொன்னேன். இதற்கு நம் மண்ணின் அர்ச்சியசிஷ்டவரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

அர்ச். தேவசகாயம் 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்தவர். முந்திய பெயர் நீலகண்டன். மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் ஊழியத்தில் மதிப்போடு இருந்தவர். அவருக்கும் ஓர் இறக்க காலம் வந்தது. ஆடுமாடுகள் செத்தன, பொருள் அழிந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஊழியத்துக்கு வருகிறார், வேலையைச் செய்கிறார். முகம் மட்டும் வாடியிருக்கிறது. அதைக் கவனித்துக் கேட்டவர் டிலனாய் என்ற ஐரோப்பியத் தளபதி.

டிலனாய் யார்? 1741-ஆம் ஆண்டு குளச்சல் யுத்தத்தில் டச்சுக் கம்பெனியின் படையை நடத்தி வந்து, தோற்று, கைதியானவர். அந்நிய தேசத்தில், சிறைப்பட்ட நிலையில் நின்ற மனிதர். பின்பு தம்மைச் சிறைப்பிடித்த மகாராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்துப் பெரிய தளபதியாக உயர்ந்தார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறையை இன்றைக்கும் உதயகிரிக் கோட்டையில் காணலாம். இறக்கம் இன்னதென்று அவருக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. அவர் கத்தோலிக்கர். வாடிய முகத்தோடிருந்த சிநேகிதருக்கு அவர் பரிசுத்த யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார்: பிள்ளைகளையும் மந்தைகளையும் சுகத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக இழந்த ஒரு நல்ல மனிதனின் சரித்திரம்.

இங்கே நின்று ஒரு காரியத்தைக் கவனியுங்கள். ஆடுமாடு செத்த பிறகு நீலகண்டன் சிநேகிதனைத் தேடிப் போகவில்லை. சிநேகம் அதற்கு முன்பே இருந்தது. ஒரே ஊழியத்தில் இருந்த பழக்கம் அது. சாதி வேறு, தேசம் வேறு, பாஷை வேறு என்பதையெல்லாம் தாண்டி உண்டான சிநேகம். அந்தச் சிநேகம் இருந்ததனால் ஒருவர் மற்றவரின் முகத்தை வாசித்தார், 'உமக்கு என்ன?' என்று கேட்டார்; மற்றவரும் மறைக்காமல் சொன்னார். 1745 மே 14-ஆம் தேதி வடக்கன்குளத்தில் புத்தாரி சுவாமியார் கையால் நடந்த ஞானஸ்நானத்துக்கு வழி, ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகம் வாடியிருப்பதைக் கவனித்ததில் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அது பாதிச் சத்தியமாகும். யோபுவுக்குப் போனதெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கோ இவ்வுலகில் ஒன்றும் திரும்பி வரவில்லை. 1749-இல் சிறைப்பட்டார், அடிபட்டார், ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டார், 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் உயிர் கொடுத்தார். கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அடக்கமானார். 2022 மே 15-ஆம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். ஆகையால், 'வேதத்தில் உறுதியாயிருந்தால் கஷ்டம் தீரும், காசு வரும்' என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கள். கஷ்டம் தீர்ந்ததனால் அவர் நிலைகுலையாமல் நின்றார் என்பதில்லை. கஷ்டம் பெருகியபோதும் தாம் தனியாயில்லை என்று அறிந்திருந்தார், அதனால் நின்றார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கணவன் மனைவிக்குள் அப்படிப்பட்ட பேச்சு இருக்கிறதா? கடன் வாங்கியதை மனைவியிடம் மறைக்கிற புருஷன்மார் உண்டு. மார்பில் கட்டியிருப்பதைப் புருஷனிடம் மறைக்கிற தாய்மார் உண்டு. ஒருவருக்கொருவர் பாரம் வைக்கக்கூடாதென்ற நல்லெண்ணத்தில்தான் மறைக்கிறார்கள். கடைசியில் வட்டிக்காரன் வாயிலிருந்து மனைவி அறிகிறாள். டாக்டர் வாயிலிருந்து புருஷன் அறிகிறான். வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் பிள்ளைகள் போனில் 'சுகம்' என்கிறார்கள். இங்கிருந்து பெற்றோரும் 'சுகம்' என்கிறார்கள். இரண்டு சுகத்திலும் எவ்வளவு மெய் என்று சர்வேசுரனுக்குத்தான் தெரியும். சிலர் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆளில்லாமல் மதுக்கடையில் போய்ச் சொல்கிறார்கள். அங்கே கேட்க ஆளிருக்கிறது, ஆனால் கூலி முழுவதும் கேட்கிறவனுக்கே போய்விடுகிறது.

பேசுகிற பழக்கம் சுகமான நாளில் உண்டாக வேண்டும். சாதாரண நாளில் மரச்சீனியும் மீன் குழம்பும் வைத்துக்கொண்டு, டெலிவிஷனை அணைத்துவிட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற வீட்டில், கஷ்ட நாளிலும் பேச்சு வரும். இராத்திரிச் செபமாலைக்குப் பின் ஐந்து நிமிஷம் போதும். அண்ணன் தம்பிக்குள் அங்குலக் கணக்கில் மனஸ்தாபம் இருந்தால், அதைச் சாவு வீட்டில் வைத்துத் தீர்க்கக் காத்திராதேயுங்கள்.

ஆயத்தத்துக்கு அடங்காத இறக்கம்

இத்தனை நேரம் ஆயத்தத்தைப் பற்றியே பேசினேன். இதை வாசிக்கிறவர்களில் யாராவது, 'எங்கள் வீட்டுக்கு வந்தது எந்தச் சேமிப்புக்கும் அடங்காதே' என்று நினைக்கக்கூடும். அவர்களுக்கு மறுமொழி சொல்லாமல் பேனாவைக் கீழே வைக்க எனக்கு உரிமையில்லை.

2017 நவம்பர் 30. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். ஒக்கிப் புயல் ஒரு நாளுக்குள் உருவாகி நம் கடலில் பாய்ந்தது. கரையில் ரப்பர் மரங்களும் வாழைகளும் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை, பூத்துறை முதலான ஊர்களில் ஒரே தெருவில் பல வீடுகளுக்குத் தகப்பனார் திரும்பி வரவில்லை. அநேகருடைய உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் முன்னெச்சரிக்கையில் என்ன குறை வைத்தார்கள்? ஒன்றுமில்லை.

அந்தப் புயலுக்குப் பிந்திய காலத்தில், கடலில் மகனை இழந்த ஒரு தாயாரின் வீட்டுக்கு நான் போனேன். முதல் வாரம் தினமும் போனேன். ஆறுதல் சொன்னேன்; நிறையச் சொன்னேன். குருமடத்தில் படித்ததெல்லாம் சொன்னேன். முப்பதாம் நாள் பூசை வைத்தேன். அதன்பின் வேறு வேலைகள் வந்தன. நாலு மாதம் கழித்துச் சந்தையில் அவர்களைக் கண்டேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றேன். அவர்கள் கோபமில்லாமல் சொன்னார்கள்: "மொத வாரம் எல்லாரும் வந்தீங்க சாமி. முப்பது கழிஞ்ச பெறவு ஆரும் வரல்ல. அப்பத்தான் அவன் இல்லேன்னே எனக்குத் தெரிஞ்சுது."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யோபுவின் மூன்று சிநேகிதர்களை நினைத்துக்கொண்டேன். துக்கம் கேட்டு வந்த அவர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகச் செய்தார்கள். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், அங்கேதான் கெட்டது. நான் அவர்களிலும் மோசம். முதல் நாளே வாயைத் திறந்தேன். ஏழு நாளுக்குப் பிறகு எழுந்தும் போய்விட்டேன்.

அன்று முதல் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பங்கில் யார் வீட்டில் சாவு நடந்தாலும் தேதியை எழுதி, நாற்பதாம் நாளும், மூன்றாம் மாதமும், ஆறாம் மாதமும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அதிகம் பேசுவதில்லை. கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறேன். இந்த வேலையைத் தனியாக ஒரு சாமியார் செய்து முடியாது. நம் அன்பியங்கள் எதற்காக இருக்கின்றன? மாதக் கூட்டம் நடத்திக் கையெழுத்துப் போட மட்டும் அல்லவே. ஒவ்வொரு அன்பியத்திலும் இப்படி ஒரு நோட்டு இருக்கட்டும். சாவு வீடு மட்டுமல்ல. நீண்ட நாள் நோயாளி இருக்கிற வீடு, வேலை போன வீடு, கதவு சாத்தியே இருக்கிற வீடு ஆகியவற்றையும் எழுதுங்கள். கறிக்குழம்பு கொடுக்கப் போகிற சாக்கில் போங்கள்; பிள்ளையின் படிப்பை விசாரிக்கப் போங்கள்; சும்மாவும் போங்கள். முடிந்தால் முகத்தைப் பாருங்கள். டிலனாய் செய்தது அவ்வளவுதான்.

வரப்போகிற இறக்கத்துக்காக நம் வீட்டைச் சீர்செய்வோம். வந்துவிட்ட இறக்கத்தில் பக்கத்து வீட்டைத் தனியே விடாதிருப்போம். பாடம் முழுவதும் இதுதான்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் குடும்பமாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

1. இன்றைக்குத் தொழில் நின்றால் எத்தனை நாள் கடன் வாங்காமல் சோறு பொங்க முடியும்? அந்த எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதை ஒரு நாளாவது கூட்ட என்ன செய்யலாம்?

2. நம் வீட்டில் முப்பது வயது கடந்தவர்களில் யார் யார் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது? யாராவது மருந்தை நடுவில் நிறுத்தியிருக்கிறார்களா?

3. ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, மருந்துச் சீட்டு, பாங்கிப் புத்தகம் இவையெல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? அந்த இடம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுமா?

4. நான் யாரிடமும் சொல்லாமல் சுமக்கிற பாரம் ஏதாவது உண்டா? அதை யாரிடம் சொல்லப் போகிறேன், எந்த நாளில்?

5. முதல் வாரம் போய்விட்டு, பிறகு நாம் எட்டிப் பார்க்காத வீடு எது?

ஐந்தாம் கேள்விக்கு மறுமொழி கண்டவர்கள் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இன்று சாயங்காலமே போய்வாருங்கள்.

உங்கள் பங்குச் சாமியார்